பதினேழாவது பெயர்

"அண்ணே, இந்தக் கூரை வாயத் திறக்க மாட்டேங்குது" என்றாள் பாண்டிமீனா.

ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஒட்டடைக் கம்பின் அடிப்பக்கத்தால் ஹால் கூரையை நாலு இடத்தில் இடித்துப் பார்த்துவிட்டாள். நாலு இடத்திலும் ஒரே கெட்டியான 'டொக்'. விளாங்குடியில் இடம் மலிவாகக் கிடைத்த காலத்தில் கட்டிய வீடு. சிமெண்டைக் கஞ்சத்தனம் இல்லாமல் கொட்டியிருந்தார்கள். இடித்தால் கம்புதான் ஒடியும்.

கீழே நின்று அளவு நாடாவைப் பிடித்திருந்த வீரணன், "எம்புட்டு?" என்று கேட்டார்.

"பத்தரை அடி. பீரங்கி வச்சாலும் ஓட்டை விழுகாது."

வீரணன் துப்பறிவாளர் ஆகி ஐந்து வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் கோர்ட்டு அமீனா. சம்மனையும் ஜப்தி நோட்டீசையும் தூக்கிக்கொண்டு மதுரை ஜில்லா முழுக்கக் கதவு கதவாகத் தட்டியவர். கதவு திறக்கும்போது ஒரு முகம், காகிதத்தைப் பார்த்ததும் வேறொரு முகம். ஆயிரக்கணக்கில் பார்த்ததில், ஆள் எதை மறைக்கிறார் என்பது அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது. கூடவே ஒரு வியாதியும் வந்து சேர்ந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் நெஞ்சு ஒருமுறை திடுக்கிட்டு அடங்கும்.

பாண்டிமீனா அவருடைய உதவியாளர், வண்டி ஓட்டி, வாய். அவள் அப்பா சமயநல்லூரில் ரேடியோ செட் வைத்திருந்தவர். காதுகுத்தோ எழவோ, குழாய் கட்டி ஊரை அலறவிட்ட குடும்பம். மெதுவாகப் பேசு என்று யாராவது சொன்னால், அது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது என்பாள்.

நாற்காலியில் மரியம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் லாசர், அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், சர்ச்சில் மூப்பர், எட்டு நாளைக்கு முன்னால் காலை ஜெபம் முடித்து, இட்லி சாப்பிட்டு, டவுனுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவர். வரவில்லை. அதற்கு முந்தின நாளிலிருந்தே அவர் போன் அணைந்து கிடந்தது. போலீசில், போன் கடைசியாக உயிரோடு இருந்தது டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் என்று மட்டும் சொன்னார்கள். பெரிய மனுஷன், கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாரும்மா, வந்துருவாரு என்று ஆறுதலும் சொல்லி அனுப்பினார்கள்.

இன்று காலை அவருடைய கீர்த்தனைப் புத்தகத்துக்குள் இருந்து ஒரு காகிதம் விழுந்தது. டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றின் கொட்டேஷன். வீரணன் அதை மூன்றாவது முறையாகப் படித்தார். கூரைக்குள் பதிக்கும் ஸ்பீக்கர், ஆறரை இன்ச், இரண்டு. அறை பன்னிரண்டுக்குப் பத்து. ஜிப்சம் கூரை. உயரம் எட்டடி.

"எட்டடி ஜிப்சம் கூரை இந்த வீட்ல எங்கயும் இல்ல" என்றார் வீரணன்.

மரியம்மாள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "எனக்கு விளங்குது. எங்கயோ இன்னொரு வீடு இருக்கு. இருந்தா இருக்குன்னு நேராச் சொல்லிருங்க. ஆறு மாசமா வாரத்துல மூணு நாள் வேதாகமக் கூட்டம்னு போனாரு. விசாரிச்சேன், அப்படி ஒரு கூட்டமே கிடையாதாம். நாப்பத்தொரு வருசம் ஆச்சு எங்களுக்குக் கல்யாணமாகி. ஆள் உயிரோட இருந்தாப் போதும்னு ஜெபம் பண்றேன். ஆனா அது வாய்தான் சொல்லுது. மனசு கேக்க மாட்டேங்குது."

பாண்டிமீனா ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "பாட்டுக்கேக்க ஒரு வீடு, சாப்பாட்டுக்கு ஒரு வீடா" என்று ஆரம்பித்தவள், வீரணன் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டாள்.

"கடைக்கு நானும் வாரேன்" என்றார் மரியம்மாள். "எதுவானாலும் என் காதால கேட்டுக்கிறேன்."

*

கடை இரண்டாவது மாடியில் இருந்தது. உரிமையாளர் மெர்வின், முப்பத்தைந்து வயதுக்காரர், லாசர் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"சாருக்கு என்னாச்சு? சாமானைத் தயாரா வச்சிட்டு எட்டு நாளா உக்காந்திருக்கேன். போனையும் எங்கிட்டயே குடுத்துட்டுப் போயிட்டாரு. அதுல இருக்கிற ரெக்கார்டிங்க மெமரி கார்டுல ஏத்திக் குடு, நாளைக்கு வாரேன்னாரு. அன்னைக்கே ஏத்திட்டேன், ராத்திரி சார்ஜ் இறங்கிருச்சு. நம்பர் பூட்டுப் போட்ட போன், யாரைக் கூப்பிடுறதுன்னு தெரியல."

மேஜை டிராயரிலிருந்து லாசரின் போனை எடுத்து வைத்தார். மரியம்மாள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்படித் தேர்ந்தெடுத்தாரு, முதல்ல இருந்து சொல்லுங்க தம்பி" என்றார் வீரணன்.

மெர்வின் அவர்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக் கூரையில் வட்ட வட்டமாகப் பன்னிரண்டு ஸ்பீக்கர்கள். முகத்தில் சல்லடை மாதிரி மூடி. ஓர் ஆள் எதிரில் நின்று பேசினால் தெரிகிற வாய் எதுவும் இல்லை, சத்தம் மட்டும் வருகிற ஏற்பாடு.

"நாலு தடவை வந்தாரு. எட்டு இன்ச் எடுத்துக்கங்க சார், பேஸ் கும்முனு இருக்கும்னேன். 'எனக்குக் கும் வேண்டாம் தம்பி, சொல் வேணும்'னாரு. ஒருத்தர் பேசுறதும் இன்னொருத்தர் பேசுறதும் தனித்தனியாத் தெரியணுமாம். ஒரு ரூமுக்குத்தான்னா பெட்டி ஸ்பீக்கரே போதும், எதுக்கு ஜிப்சம் அடிச்சு ஓட்டை போடணும்னும் கேட்டேன். 'கழுத்தைத் திருப்பாமக் கேக்கணும்'னாரு."

"அப்புறம்?"

மெர்வினுக்குச் சொல்லச் சங்கடமாக இருந்தது. "அப்புறம் படுத்துட்டாரு சார்."

"எங்க?"

"இங்கதான். தரையில. மல்லாந்து படுத்து, பஞ்சை உருட்டி ஒரு காதுல வச்சுக்கிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரா போடச் சொல்லிக் கேட்டாரு. கடைப் பையங்க சிரிச்சாங்க. அவரு கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாரு."

"எந்தக் காது?"

மெர்வின் யோசித்தார். "இடது காது. ஸ்பீக்கர் ரெண்டையும் படுக்கைக்கு வலது பக்கமே பதிக்கணும்னாரு. அந்தப்பக்கம் ஒண்ணு, இந்தப்பக்கம் ஒண்ணு வச்சாத்தான் சார் ஸ்டீரியோன்னேன். பரவாயில்லைன்னுட்டாரு. அதனாலதான் உள்ள இருக்கிற சின்ன ட்வீட்டரைத் திருப்பி வைக்கிற மாதிரி உள்ளதாப் பாத்து எடுத்தோம். அதைத் தலகாணிப் பக்கமாத் திருப்பிக்கலாம்."

அதற்குள் பாண்டிமீனா தரையில் மல்லாந்திருந்தாள். இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். "நல்லாத்தாண்ணே இருக்கு, ஏசியோட. மாச வாடகைக்கு விடுவாங்களா?" என்றவள், கொஞ்சம் பொறுத்து, "வாத்தியாருக்கு இடது காது மந்தமாம்மா?" என்று கேட்டாள்.

"ரெண்டு காதும் பாம்புக்காது" என்றார் மரியம்மாள். "அடுப்படியில நான் முணங்கினாக்கூட ஹால்ல இருந்து பதில் வரும்."

"அப்படின்னா அவரு தனக்காகப் படுக்கல" என்றார் வீரணன். "வேற யாரோ மாதிரிப் படுத்துப் பாத்திருக்காரு. மல்லாந்தே கெடக்கிற ஆளு. கழுத்து திரும்பாது. இடது காது கேக்காது. நாள் பூராவும் கூரையைத் தவிர வேற எதையும் பாக்க முடியாத ஆளு."

மரியம்மாள் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. சக்களத்தி என்று நினைத்து எட்டு நாளாக வெந்துகொண்டிருந்தவருக்கு, படுக்கையில் கிடக்கிற யாரோ என்றதும் மனம் லேசாகியிருக்க வேண்டும். பாவம், அது ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

"ரெக்கார்டிங்கப் போடுங்க தம்பி. அவரு கேட்ட மாதிரியே, கூரையில இருந்து" என்றார் வீரணன்.

முதலில் ஒரு இருமல். பிறகு, எட்டு நாளாகக் காணாமல் போயிருந்த மனிதரின் குரல் அவர்கள் தலைக்கு மேலிருந்து நிதானமாக இறங்கியது.

"எட்டாம் வகுப்பு, பி பிரிவு. ஒண்ணு, அழகர்."

"உள்ளேன் ஐயா" என்று ஒரு கட்டைக்குரல் பதில் சொன்னது. பின்னால் பஸ் ஹாரன். கண்டக்டர் விசிலும் கேட்டது.

"ரெண்டு, ஆரோக்கியம்."

"உள்ளேன் ஐயா." இது எங்கோ வெளிநாட்டிலிருந்து போனில் வந்த குரல். கரகரத்தது.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல். எல்லாம் நடுவயது ஆம்பளைக் குரல்கள். ஒன்றில் டீக்கடைச் சத்தம். ஒன்றில் மாடு கத்தியது. ஒருவர் 'உள்ளேன்' வரை சொல்லிவிட்டு, ஐயா என்று சொல்ல முடியாமல் சிரித்துவிட்டார். லாசரின் குரலில் மட்டும் சிரிப்பு இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் எப்படிக் கூப்பிட்டிருப்பாரோ அதே மாதிரி, எண்ணும் பெயரும், எண்ணும் பெயரும்.

"ஆறு மாசமா வேதாகமக் கூட்டம் இதுதானா" என்று பாண்டிமீனா மெல்லச் சொன்னாள். "ஒரு கிளாஸ் பயலுகளையும் ஊர் ஊராத் தேடிப் போயிருக்காரு."

"பதினேழு, கருப்பு."

பதில் இல்லை. கடைச் சுவரில் இருந்த கடிகாரம் ஆறு முறை துடித்தது. பிறகு, "பதினெட்டு, காசிமாயன்" என்றார் லாசர். "உள்ளேன் ஐயா."

நாற்பத்திரண்டு பெயர். நாற்பத்தொரு பதில்.

"ஒருத்தன் ஆப்சென்ட்" என்றாள் பாண்டிமீனா.

"நானும் அந்த இடத்தை வெட்டிறவா சார்னு கேட்டேன்" என்றார் மெர்வின். "தொட்டுறாத தம்பி, அதுக்குத்தான் இம்புட்டும்னாரு."

வீரணன் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஆப்சென்ட் இல்ல மீனா. அவன் பதில் சொல்றதுக்குத்தான் இடம் விட்டு வச்சிருக்காரு. கீழே படுத்திருக்கிற ஆளு கருப்பு."

இது துப்பு துலங்கிய சந்தோஷத்தில் சொன்னதல்ல. அவர் கண் மரியம்மாள் மேல் இருந்தது. புதிதாக ஒரு பெயர் அடிபட்டால் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, அது யார் என்றுதான். மெர்வின் கேட்டார். பாண்டிமீனா கேட்டாள். மரியம்மாள் கேட்கவில்லை. வீரணனுக்கு அந்த முகம் தெரியும். நோட்டீசில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே தெரிந்தவர்களின் முகம் அது.

"மீனா, எந்திரிச்சு எனக்கு எதுக்க நில்லு."

நின்றாள். வீரணன் தன் வலது கையை மெதுவாக உயர்த்தி, அவள் கன்னத்தை நோக்கிக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார். கை நின்ற இடம் அவளுடைய இடது காது.

"வாத்தியார் எந்தக் கையிலம்மா எழுதுவாரு?" என்று கேட்டார்.

மரியம்மாள் கையிலிருந்த போனை முந்தானையில் சுற்றிக்கொண்டார். "மேலூருக்குப் போங்க" என்றார் கடைசியில். "வழி நான் சொல்றேன்."

*

ஸ்பீக்கர் பெட்டியையும் மெமரி கார்டு செருகிய சின்ன ஆம்ப்ளிஃபயரையும் மெர்வின் ஆம்னி வேனில் ஏற்றிவிட்டார். வேன் ஒத்தக்கடையைத் தாண்டியது. யானைமலை ஜன்னலுக்கு வெளியே கூடவே வந்து, பிறகு பின்தங்கிப் போயிற்று. அதற்கப்புறம்தான் மரியம்மாள் வாயைத் திறந்தார்.

"அப்ப நாங்க மேலூர்ல இருந்தோம். தொண்ணூத்தி மூணு. காலையில ஆஜர் எடுக்கையில அந்தப் பையன் தூங்கிட்டான். முந்தின நாள் அறுப்பு, ராத்திரி பூராக் களத்துல கெடந்திருக்கான். ரெண்டு தடவை கூப்பிட்டும் பதில் சொல்லலைன்னு இவரு அறைஞ்சுட்டாரு. ஒரே அறை. அம்புட்டுத்தான்."

வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

"அன்னைக்குச் சாயந்தரம் அவன் அம்மா வந்துச்சு, சுந்தரம்மாள். பையன் காதுல துணியை வச்சு அமுக்கிப் பிடிச்சிருந்துச்சு. துணி பூராவும் ரத்தம். சார்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும், ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார்னா டாக்டர் மதிச்சுப் பாப்பார்னு சொல்லுச்சு. இவருக்கு ஹெட்மாஸ்டர் ஆர்டர் வர்ற நேரம். பிரச்சனை கிளம்பினா எல்லாம் போயிருமேன்னு பயந்துட்டேன். சார் ஊர்ல இல்லைன்னு சொல்லிட்டேன்."

"அவரு?" என்று கேட்டார் வீரணன்.

"உள்ளதான் இருந்தாரு. குடும்ப ஜெபம். பாடிக்கிட்டிருந்தாரு. அந்தக் குரல் வாசல் வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு. அந்தம்மா என் மூஞ்சியைப் பாத்துச்சு. நான் கதவைச் சாத்திட்டேன்."

வீரணனின் நெஞ்சு வழக்கம்போல ஒருமுறை திடுக்கிட்டது. முப்பது வருடத்துக்கு முன்னால் சாத்திய கதவு. சத்தம் இப்போதுதான் அவர் காதுக்கு வந்து சேர்ந்தது.

"மூணு மாசம் கழிச்சு, நீண்ட நாள் வராததால் பெயர் நீக்கம்னு ரிஜிஸ்தர்ல எழுதினது நான்தான். பதினேழாவது பெயர், சிவப்பு மையில அடிச்சேன். அந்தம்மா வந்துட்டுப் போனதை இன்னைக்கு வரைக்கும் இவர்கிட்டச் சொல்லல. பையன் வேலைக்குப் போயிட்டான் போலன்னுதான் நினைச்சிக்கிட்டிருந்தாரு."

பாண்டிமீனா கியர் மாற்றினாள்.

*

மேலூரைத் தாண்டி, வாய்க்காலை ஒட்டிய காலனி. ரிஜிஸ்தரில் இருந்த விலாசத்தை மறக்காத மரியம்மாள் கை காட்டிய சந்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு வீடு. வாசலில் ஒரு கட்டில் சுவரோடு நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததுமே வீரணனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. படுக்கிற ஆள் இருக்கிற வீட்டில் கட்டில் வெளியே நிற்காது.

வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலை. மீசையும் இல்லை. ஓரத்தில் சாம்பல் கறை படிந்த வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. மரியம்மாள் அவரைக் கடந்து இரண்டு எட்டு போய்விட்டார்.

"மேரி" என்றார் பெரியவர்.

நாற்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவர், திரும்பிப் பார்த்தபிறகும் கணவரை அடையாளம் காண நேரமாயிற்று. கண்டதும் பாண்டிமீனாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உயிரோட இருக்கீங்களா" என்றார் மரியம்மாள்.

"நான் இருக்கேன். அவன்தான் இல்ல" என்றார் லாசர்.

அவர் சொன்னதில் கதை இவ்வளவுதான். கிரானைட் குவாரியில் கல் சரிந்து, கழுத்துக்குக் கீழே எல்லாம் செயலிழந்து, கருப்பு இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்திருக்கிறான். ஆறு மாசத்துக்கு முன்னால் சர்ச்சிலிருந்து படுக்கை நோயாளிகளைப் பார்க்கப் போன கூட்டத்தோடு லாசரும் வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று பெயரைக் கேட்டார். "இந்தப் பக்கம் வந்து பேசுங்கய்யா, அந்தக் காது கேக்காது" என்றிருக்கிறான் அவன். பிறகு சிரித்துக்கொண்டே, "நல்லா இருக்கீங்களா கணக்கு சார்?" என்று கேட்டானாம்.

"அவன் என்னை ஒரு வார்த்தை குத்தம் சொல்லல. சொல்லியிருந்தா நான் பொழச்சிருப்பேன்" என்றார் லாசர். "ஒரே ஒரு தடவைதான் ஒண்ணு கேட்டான். நம்ம கிளாஸ் பயலுகள்லாம் எங்கய்யா இருக்கானுக, என்னைய ஞாபகம் இருக்குமான்னான். அதுக்குத்தான் போனேன். கூரையில சூடு இறங்காம இருக்க ஜிப்சம் அடிச்சேன். அடிக்கிறதோட அடியா ஸ்பீக்கரும் வச்சுருவோம், அவன் பாக்கிற திசையில இருந்தே அவனுக கூப்பிடட்டும்னு நினைச்சேன். முந்தின நாள் சாயந்தரம்தான் ஓட்டை போட்டு ஒயர் இழுத்து வச்சோம். விடிஞ்சு, கடைக்குப் போறதுக்கு முன்னால ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன். மூச்சு நின்னு அரை மணி நேரம் ஆயிருந்துச்சு."

"பங்காளிக?" என்று கேட்டார் வீரணன்.

"வரப்புத் தகராறுல பேச்சு வார்த்தை இல்ல. வரலை. தகப்பனும் இல்ல. அந்தம்மா என்னையப் பாத்து, தகப்பன் இடத்துல நின்னு நீங்களே கொள்ளி வைங்க சார்னுச்சு. வச்சேன். கொள்ளி வச்சவன் காரியம் முடியிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டக் கூடாதாம். நான் தாண்டல. இன்னும் எட்டு நாள் இருக்கு."

சர்ச்சில் மூப்பர், தலையை மழித்துக்கொண்டு கருமாதிக்குக் காத்திருந்தார். ஊர் என்ன பேசும், பாதிரியார் என்ன சொல்வார் என்பதெல்லாம் அவர் முகத்தில் எங்கேயும் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதை நினைத்துப் பயந்த ஒரு சாயந்தரத்துக்குத்தான் இத்தனையும் விலையாகப் போயிருந்தது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றார் மரியம்மாள். கேட்கும்போதே அவர் குரல் தணிந்துவிட்டது.

லாசர் மனைவியை நேராகப் பார்த்தார். "சுடுகாட்டுல இருந்து வந்த அன்னைக்கு ராத்திரி அந்தம்மா எல்லாத்தையும் சொல்லுச்சு. கோவமாச் சொல்லல, பேச்சோட பேச்சாச் சொல்லுச்சு. அன்னைக்கு நான் என்ன பாட்டுப் பாடிக்கிட்டிருந்தேன்னு அதுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, மேரி. எட்டு நாளா உனக்குப் போன் பண்ணணும்னு நினைப்பேன். என்ன பேசிருவேனோன்னு பயந்து பண்ணாம விட்டுருவேன்."

மரியம்மாள் அழவில்லை. மெதுவாக நடந்து அந்த வீட்டு வாசலுக்குப் போனார். உள்ளே தரையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டில் கிடந்த இடம் அது. விளக்கின் பக்கத்தில் சுந்தரம்மாள் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கி வாசலில் நிற்பவரைப் பார்த்தார்.

மரியம்மாள் காத்திருந்தார். சுந்தரம்மாள் மறுபடி விளக்கைப் பார்க்கக் குனிந்தார். மரியம்மாள் நிலைக்கதவிலிருந்து கையை எடுத்தார். திரும்பி வீரணனிடம் வந்து, "கூப்பிட மாட்டாங்க. நான் போயிர்றேன்" என்றார். "அன்னைக்கு நான் செஞ்சதுக்கு இது சரிதான்."

"அம்மா" என்றார் வீரணன். "எழவு வீட்ல யாரும் வாங்கன்னு சொல்ல மாட்டாக. உங்களுக்குத் தெரியாததா? நாமளாத்தான் உள்ள போகணும். கதவு தெறந்துதான் இருக்கு."

மரியம்மாள் அவரை விழித்துப் பார்த்தார். அறுபத்தைந்து வருடம் இந்த மண்ணில் இருந்தவருக்கு எத்தனையோ எழவு வீடு தெரியும். குற்றம் உள்ள நெஞ்சுக்கு அந்த ஒரு வழக்கம் மறந்துபோயிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சுந்தரம்மாளின் எதிரில் தரையில் உட்கார்ந்து, "அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்றார்.

"தெரியும் தாயி" என்றார் சுந்தரம்மாள். "அன்னைக்கே தெரியும்."

அப்போதுதான் மரியம்மாள் உடைந்தார். சுந்தரம்மாள் அவரைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. அழுது முடிகிற வரைக்கும் கூட உட்கார்ந்திருந்தார்.

பிறகு அண்ணாந்து கூரையைக் காட்டினார். வெள்ளை ஜிப்சத்தில் வட்டமாக இரண்டு ஓட்டைகள், இரண்டும் வலது பக்கமாக. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஒயர் நுனி எட்டிப் பார்த்தது. "ராத்திரி பூரா அதையே பாத்துச் சிரிச்சிக்கிட்டுக் கெடந்தான். இதுல இருந்துதாம்மா என் கூட்டாளிக பேசப் போறானுகன்னான். என்னத்தப் பேசுவானுகன்னு கேட்டேன். தெரியல, சார் சொல்ல மாட்டேங்குறாருன்னான்." பாண்டிமீனாவைப் பார்த்தார். "அதக் கொண்டாந்திருக்கியா தாயி?"

பாண்டிமீனா வேனுக்கு ஓடினாள்.

ரேடியோ செட்காரர் மகளுக்கு அதெல்லாம் ஒரு வேலையா? பக்கத்து வீட்டு ஸ்டூலை வாங்கிப் போட்டு ஏறினாள். சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முறுக்கினாள். ஸ்பீக்கரை ஓட்டைக்குள் ஏற்றி நாலு திருகு திருகினாள். கடைசியில் சல்லடை மூடியைப் பொருத்துமுன் கீழே பார்த்து, தலையணை எங்கே இருக்கும் என்று கேட்டாள். விளக்குக்குக் கொஞ்சம் மேற்கே, என்றார் லாசர் வாசலிலிருந்து. ட்வீட்டரை அந்தப் பக்கமாகவே திருப்பி வைத்தாள்.

வெள்ளைக் கூரைக்குள் எல்லாம் மறைந்துபோயிற்று. லாசர் உள்ளே வந்து, மனைவி பக்கத்தில் அல்ல, மனைவிக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தார்.

"எட்டாம் வகுப்பு, பி பிரிவு. ஒண்ணு, அழகர்."

"உள்ளேன் ஐயா."

சுந்தரம்மாள் கூரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சில பெயருக்கு, "இவன் நம்ம வீட்டுக்கு வருவான்", "இவனுக்கு நீச்சல் தெரியாது" என்று முணுமுணுத்தார். வீரணன் வாசலில் நின்று மனசுக்குள் எண்ணினார். பதினான்கு. பதினைந்து. பதினாறு. நிறுத்திவிடலாமா என்று நினைத்தார். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியவில்லை.

"பதினேழு, கருப்பு."

கூரைக்குள் இருந்த அமைதி கீழே இறங்கி விளக்கைச் சுற்றி நின்றது. பக்கத்து பெஞ்சுப் பையன் வராதபோது வகுப்பில் யாராவது எழுந்து சொல்வார்கள் அல்லவா, அந்த மாதிரி, சுந்தரம்மாள் நிதானமாகச் சொன்னார்.

"வரலைங்கய்யா."

லாசர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கூரைக்கு அதெல்லாம் தெரியாது. "பதினெட்டு, காசிமாயன்" என்றது. "உள்ளேன் ஐயா" என்றான் எங்கோ இருக்கும் காசிமாயன்.

பாண்டிமீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயரை அணைக்கக் கையை நீட்டினாள்.

"நிறுத்தாத தாயி" என்றார் சுந்தரம்மாள். "மத்த புள்ளைக வந்திருக்குல்ல."